நடுவர் மன்றம் நீதிமன்றமாகும் விதம்

நீதிமன்ற வாய்தாக்களுக்கு அஞ்சி, வழக்கைத் தீர்க்க இரு தரப்பும் ஒப்புக்கொண்ட தனியார் நடுவரிடம் போகிறவர்கள், அங்கேயும் கோரிக்கை மனு, பதிலுரை, ஆவணப் பட்டியல், குறுக்கு விசாரணை என்று அதே படிகளை ஏற வேண்டியிருப்பதற்கு வழக்கறிஞர்களின் பழக்கத்தையே பலரும் காரணமாகச் சொல்கிறார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் நடுவர் தீர்ப்புக்கு வலிமை தரும் ஏற்பாட்டிலேயே இதன் வேர் இருக்கிறது என்பது என் கருத்து.

ஒரு நாட்டில் அளிக்கப்பட்ட நடுவர் தீர்ப்பை மற்ற நாட்டு நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தர வேண்டும் என்கிறது 1958ஆம் ஆண்டின் நியூயார்க் உடன்படிக்கை. தீர்ப்பின் சரி தவறுக்குள் அவை நுழைவதில்லை. மறுப்பதற்கான காரணங்கள் சிலவே. தன் தரப்பை எடுத்துரைக்க வாய்ப்புக் கிடைக்கவில்லை என்பது அவற்றுள் ஒன்று. மேல்முறையீடு இல்லாத நிலையில் தோற்றவர் முதலில் தேடுவது நடைமுறைக் குறையைத்தான். எனவே, காலம் கடந்து வரும் ஆவணத்தையும் மூன்றாம் முறை கேட்கப்படும் அவகாசத்தையும் மறுக்க நடுவர் தயங்குகிறார். மறுத்தால் தீர்ப்புக்கே ஆபத்து, அனுமதித்தால் தாமதம் மட்டும்தானே. இத்தகைய ஆட்சேபங்களை நீதிமன்றங்கள் எளிதில் ஏற்பதில்லை என்பது தெரிந்தும் இந்த அச்சம் குறையவில்லை.

நடுவர் வழக்குகளை நடத்தித் தரும் அமைப்புகளின் விதிநூல்களும் இதே போக்கில் பெருத்தன. நடுவர் மன்றம் அமைவதற்குள் சொத்து கைமாறிவிடும் என்ற கவலைக்கு, பாரிஸிலுள்ள சர்வதேச வணிகச் சபை 2012 விதிகளில் அவசரகால நடுவரை ஏற்படுத்தியது. கூடுதல் தரப்பினரை வழக்கில் சேர்க்கும் விதியும் அதே பதிப்பில் வந்தது. ஆதாரமற்ற கோரிக்கையைத் தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்யும் வழியை சிங்கப்பூர் சர்வதேச நடுவர் மையம் 2016இல் சேர்த்தது. ஒவ்வொன்றும் தேவையானதே, ஆனால் இடைக்காலத் தடை, தரப்பினர் சேர்ப்பு, தொடக்கநிலைத் தள்ளுபடி என்று வரிசையாக எழுதிப் பார்த்தால் நீதிமன்றங்கள் பின்பற்றும் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் பொருளடக்கம் போலவே தெரிகிறது.

வேகத்துக்கான மருந்தும் விதியாகவே வருகிறது என்பதுதான் வேடிக்கை. அதே வணிகச் சபையின் 2017 விரைவு நடைமுறை, பொதுவாக ஒரே நடுவர், ஆறு மாத இலக்கு, தேவையில்லையெனில் நேரடி விசாரணையே இல்லை என்று எளிமையை நாடினாலும், தொகை வரம்பும் விதிவிலக்குகளும் கொண்ட தனிப் பின்னிணைப்பாக விதிநூலில் சேர்ந்தது.

இவற்றில் பலவற்றைக் குறைத்துக்கொள்ளத் தரப்பினருக்கு உரிமை உண்டு. ஆனால் ஒப்பந்தம் எழுதும்போது சண்டையைப் பற்றி யாரும் நினைப்பதில்லை; சண்டை வந்த பிறகோ, இருவரில் ஒருவருக்குத் தாமதமே லாபமாக இருப்பதால், சுருக்கமான நடைமுறைக்கு இசைவு கிடைப்பது அரிது.