வரலாற்று இயேசு தாளுக்குப் படிக்கிறவர்களுக்கு

இயேசுவைப் பற்றி வரலாற்று முறையில் எதை அறியலாம் என்று ஆராயும் தாள் இது; இறையியல் படிப்பில் பலர் இதைத் தள்ளிப்போடுகிறார்கள். பாடம் கஷ்டம் என்பதைவிட, ஞாயிறு பள்ளியில் கேட்டு வளர்ந்ததைக் கேள்வி கேட்கச் சொல்கிறார்களே என்ற கூச்சம்தான் காரணம். எனக்குக் கைகொடுத்த வழியைச் சொல்கிறேன்.

புதிய ஏற்பாட்டை அச்சிட்ட வரிசையில் படிக்காதீர்கள், எழுதப்பட்ட வரிசையில் படியுங்கள். முதலில் பவுலின் கடிதங்கள், கி.பி. 50களில். மாற்கு ஏறக்குறைய 70. பிறகு மத்தேயு, லூக்கா. யோவான் சுவிசேஷம் முதல் நூற்றாண்டின் கடைசியில். இப்படிப் படித்தால் ஒன்று பளிச்சென்று தெரியும். 1 கொரிந்தியர் 15இல் மரணம், அடக்கம், உயிர்த்தெழுதல் எல்லாம் பவுல் பிறரிடம் பெற்ற விசுவாச அறிக்கையாக ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் இயேசு சொன்ன ஒரு உவமையைக்கூட அவர் எடுத்தாளவில்லை. கிறிஸ்துவைப் பற்றிய கோட்பாடு எங்கிருந்து தொடங்கியது என்ற கேள்விக்கு இங்கிருந்தே விடையை ஆரம்பிக்கலாம்.

அப்புறம், ஒரு சம்பவத்தை நான்கு சுவிசேஷங்களிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஞானஸ்நானத்தையே எடுத்துக்கொள்வோம். மாற்கில் இயேசு வருகிறார், யோவான் ஸ்நானனிடம் ஞானஸ்நானம் பெறுகிறார், அவ்வளவுதான். மத்தேயுவில் யோவான் ஸ்நானன் தடுக்கிறார்: நான் உம்மிடம் பெற வேண்டியிருக்க, நீர் என்னிடம் வரலாமா? லூக்கா, யோவான் சிறைக்குப் போனதை முதலில் சொல்லிவிட்டுத்தான் ஞானஸ்நானத்துக்கு வருகிறார். கொடுத்தது யார் என்று அங்கே பெயர் இல்லை. நான்காம் சுவிசேஷமான யோவான் அந்தக் காட்சியையே விட்டுவிடுகிறது. பாவமன்னிப்புக்கான ஞானஸ்நானத்தை ஆண்டவர் ஏன் பெற்றார் என்ற சங்கடம் வளர்ந்துகொண்டே போகிறது. திருச்சபைக்குச் சங்கடம் தரும் சம்பவத்தை யாரும் புனைந்திருக்க மாட்டார்கள் என்பதால், இது நடந்ததாகவே பெரும்பாலான ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். பதினைந்து மதிப்பெண் கேள்விக்கு இந்த ஒரு உதாரணம் போதும்.

பைபிளுக்கு வெளியே உள்ள சான்றுகளில், முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸை அப்படியே மேற்கோள் காட்டிவிடாதீர்கள். அவருடைய 'யூதர்களின் தொன்மை வரலாறு' நூலின் 18ஆம் புத்தகத்தில் 'அவரே கிறிஸ்து' என்று வருவது ஒரு யூதர் எழுதக்கூடியதல்ல. பிற்காலக் கிறிஸ்தவர் கைவைத்தது. 20ஆம் புத்தகத்தில் யாக்கோபை இயேசுவின் சகோதரர் என்று போகிற போக்கில் சொல்வதுதான் வலுவான சான்று. அந்த யாக்கோபைப் பவுல் நேரில் சந்தித்தவர் (கலாத்தியர் 1:19). 'இயேசு என்று ஒருவர் இருக்கவே இல்லை' என்ற வாதத்துக்கு மறுப்பு எழுத வேண்டுமென்றால் இந்த இரண்டும் கட்டாயம்.

திருச்சபைத் தலைவர்கள் கூடிய நிசேயா சங்கம் பற்றி யூடியூபில் கேட்டதைத் தயவுசெய்து விடைத்தாளில் எழுதாதீர்கள். 325இல் அங்கே பைபிள் நூல்களைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆரியுஸ் என்ற குருவின் போதனையை முன்னிட்டு, குமாரன் படைக்கப்பட்டவரா, பிதாவோடு ஒரே தன்மை உள்ளவரா என்பதுதான் சண்டை. இன்றைய 27 நூல்களின் பட்டியல் 367இல் அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸின் கடிதத்தில் வருகிறது. பரிசுத்த ஆவியைப் பற்றிய விரிவான விசுவாச அறிக்கைக்கு 381இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய சங்கத்தைப் பாருங்கள்.

வரலாற்று இயேசுவைத் தேடிய ஆய்வாளர்களில் ரைமாருஸ், ஸ்ட்ராஸ், ஷ்வைட்சர் மூவரும் தெளிவாக இருந்தால் சமாளிக்கலாம். ஷ்வைட்சரின் 1906 நூலுக்குக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள்: ஒவ்வொரு ஆய்வாளரும் தன் சாயலிலேயே ஒரு இயேசுவைக் கண்டெடுத்தார் என்ற அவருடைய விமர்சனத்தை வாய்மொழித் தேர்வில் நிச்சயம் கிளறுவார்கள்.