அம்மாவின் மஞ்சள் பை

அம்மாவுக்குப் போன மார்ச்சில் முட்டி ஆபரேஷன். அட்மிட் ஆவதற்கு முந்தின ராத்திரி என்னைக் கூப்பிட்டார். நகையும் பேங்க் புத்தகமும் எங்கே இருக்கின்றன என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அலமாரியிலிருந்து ஒரு மஞ்சள் பையை எடுத்து என் மடியில் வைத்தார். லிட்டில் இந்தியாவில் எந்தத் தீபாவளிக்கோ புடவை எடுத்தபோது கொடுத்த பை. கடைப் பெயர் பாதி அழிந்துவிட்டது. உள்ளே நான்கு ஃபைல்.

"இது தம்பியோடது. ஒரிஜினலைக் காட்டு, கொடுத்துடாதே. எல்லாத்துக்கும் ரெண்டு காப்பி இருக்கு. பச்சைக் கவர்ல படம் இருக்கு, ஆறு மாசத்துக்கு மேல ஆச்சுன்னா வேற எடுத்துக்க."

நான் மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் பிறை என்கிற ஊரில் ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். நாள் முழுக்க ஃபைலோடுதான் குடித்தனம். இது என்ன பெரிய வேலை என்றுதான் நினைத்தேன்.

தம்பிக்கு 21 வயது. ஆட்டிசம். பத்திரிகைகளில் மதியிறுக்கம் என்று எழுதுகிறார்கள். எங்கள் வீட்டில் அந்த வார்த்தை ஏறவே இல்லை. இறுக்கமாக இருந்தது நாங்கள்தான், அவன் இல்லை.

முதல் நாளே மானம் போனது. நாங்கள் இருப்பது பெருநிலத்தில் பட்டர்வொர்த், போக வேண்டிய இடம் கடலுக்கு அந்தப் பக்கம் பினாங்குத் தீவில். ஃபெரி ஏறப் போனோம். கார் ஏற்றிக்கொண்டு போகும் பழைய ஃபெரி 2020 கடைசியோடு நின்றுவிட்டது. 2023 ஆகஸ்டில் நான்கு புது ஃபெரி வந்தன, ஆளும் மோட்டாரும் சைக்கிளும் மட்டும் ஏறலாம். தம்பி இன்னும் பழைய கணக்கிலேயே இருக்கிறான். ஃபெரித் துறையில் நின்று பழைய ஃபெரி ஒன்றின் பேரைச் சொல்லிக் கேட்டான்: "புலாவ் அங்சா எங்க?" நான் உண்மையைச் சொன்னேன். "அதெல்லாம் இப்ப ஓடறதில்ல தம்பி." அவ்வளவுதான். தரையில் உட்கார்ந்துவிட்டான். இரண்டு ஃபெரி வந்து போயின. பின்னால் நின்றவர்கள் சுற்றிப் போனார்கள். ஒரு சீனக் கிழவர் மட்டும் நின்று, அவனுக்கு வெயில் படாமல் குடையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்த அம்மாவுக்கு ஃபோன் அடித்தேன். "தூங்குதுன்னு சொல்லுமா" என்றார். "புலாவ் அங்சா தூங்குது." சொன்னேன். எழுந்து வந்தான்.

நான்கு ஃபைலில் எந்தப் பக்கத்திலும் அது எழுதியில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அவனுக்கு ஒரு வேலைப் பயிற்சி மையத்தில் இடம் காலியாவதாகச் சொன்னார்கள். புது மதிப்பீட்டு அறிக்கை வேண்டும் என்றார்கள், பழையது செல்லாது. ஆஸ்பத்திரியில் கேட்டால், கடைசியாக வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, கிளினிக்கிலிருந்து மறுபடி கடிதம் வேண்டும். கிளினிக்கில் கேட்டால், அறிக்கை எதற்கு, யார் கேட்டார்கள், அவர்களிடமிருந்து கடிதம் வாங்கி வாருங்கள். மையத்தில் கேட்டால், கடிதம் தரலாம், ஆனால் அவனுடைய ஓ.கே.யு. (மாற்றுத் திறனாளி) கார்டில் இருப்பது பழைய வீட்டு முகவரி, முதலில் வெல்பேர் ஆபீசில் அதை மாற்றுங்கள். மூன்று வாரம். என் வருடாந்தர லீவில் ஐந்து நாள். இத்தனைக்கும் ஒருவர்கூட எரிந்து விழவில்லை. ஒவ்வொரு கவுண்டரிலும் அவரவர் வேலையை ஒழுங்காகத்தான் செய்தார்கள். அடுத்த கவுண்டரில் என்ன நடக்கிறது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

ஒவ்வொரு இடத்திலும் கதையை முதலிலிருந்து கேட்டார்கள். எப்போது நடந்தான், எப்போது பேசினான், வலிப்பு வந்ததா, குடும்பத்தில் வேறு யாருக்காவது இருக்கிறதா. அவன் பிறந்தபோது எனக்கு எட்டு வயது. எனக்கென்ன தெரியும்? நடைபாதையில் நின்று மறுபடி அம்மாவுக்கு ஃபோன். பிசியோதெரபியில் முட்டியை மடக்கச் சொல்லியிருப்பார்கள் போல, வலியில் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: "பதினாலு மாசத்துல நடந்தான். ரெண்டு வயசுல நாலு வார்த்தை பேசினான், அப்புறம் நின்னு போச்சு. எழுதிக்க."

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் நம்பர் சீட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான், அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் செய்ததை ஃபோனில் படித்தேன். 2014 ஆகஸ்டில் அங்கே ஆளுநராக இருந்த டெவல் பாட்ரிக் ஆட்டிசத்துக்கென்றே ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அதில் பல விஷயங்கள் இருக்கின்றன. என் கண்ணில் பட்டது இரண்டு. அதுவரை அங்கே வளர்ச்சிக் குறைபாடு உள்ள பெரியவர்களைக் கவனிக்கும் துறை, நுண்ணறிவு எண் ஏறக்குறைய 70-க்கு மேல் இருந்தால் சேர்த்துக்கொள்ளாது. பேசத் தெரியும், கணக்குப் போடத் தெரியும், ஆனால் தனியாக ஒரு பஸ் ஏற முடியாது என்கிற பிள்ளை பள்ளிக்கூடம் முடிந்த மறுநாள் வெறும் கையோடு நிற்பான். அந்தக் கதவைத் திறந்தார்கள். இன்னொன்று, ஆட்டிசம் ஆணையத்தை நிரந்தரமாக்கினார்கள். சுகாதாரம், கல்வி, வேலைவாய்ப்பு என்று தனித்தனியாக ஓடிக்கொண்டிருந்த துறைகளின் ஆட்களும் பெற்றோரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். ஆட்சி மாறினால் மேசையைத் தூக்கிவிட முடியாது, அது சட்டத்தில் இருக்கிறது.

அங்கே எல்லாம் சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் கதவுகளும் இப்படித்தான் மூடுகின்றன, அது அறிவால் இல்லாமல் வயதால் என்பதுதான் வித்தியாசம். அரசாங்கப் பள்ளிகளில் சிறப்புக் கல்வி வகுப்பில் 19 வயது வரைதான் இருக்கலாம். வகுப்பில் இருக்கும்வரை மாதம் 150 வெள்ளி, அதாவது ரிங்கிட், உதவித்தொகை வரும், அதுவும் அத்தோடு நிற்கும். மதிப்பீட்டுக்கும் தெரபிக்கும் செலவழித்ததற்கு வரியில் கழிவு இப்போது கொடுக்கிறார்கள், நல்ல விஷயம், ஆனால் அது பிள்ளைக்கு 18 வயது வரைதான். தம்பியின் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டும்போது, இந்த வருஷம் எது நிற்கப் போகிறதோ என்று அம்மா முகத்தில் ஒரு கணக்கு ஓடும். இத்தனை நாள் அதைப் பார்த்திருக்கிறேன், என்னவென்று புரிந்ததில்லை.

பினாங்குக்கு இப்படி ஓர் ஆணையம் வேண்டும் என்று ஆபீசில் சொன்னேன். பக்கத்து மேசை அண்ணன் சிரித்தார். "ஆஸ்பத்திரி புத்ராஜெயாவோடது, ஸ்கூல் புத்ராஜெயாவோடது. கொம்தாரில உக்காந்துக்கிட்டு இவங்க என்ன பண்ண முடியும்?"

புத்ராஜெயா என்றால் கூட்டரசு, கொம்தார் என்றால் மாநில அரசு இருக்கும் கட்டடம். அவர் சொல்வது பாதி சரி. அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணைப்படி கல்வியும் ஆஸ்பத்திரியும் கூட்டரசின் கையில். நிலமும் நகராண்மையும் மாநிலத்தின் கையில். சமூகநலம் இருவருக்கும் பொது. ஆக, மாநில ஆணையம் ஒரு டாக்டரையோ வாத்தியாரையோ வேலைக்கு வைக்க முடியாது. ஆனால் என் மூன்று வாரத்தைத் திரும்பிப் பார்க்கிறேன். டாக்டர் இருந்தார். வாத்தியார் இருந்தார். மையத்தில் இடமும் இருந்தது. இவர்களுக்கு நடுவில் பையைத் தூக்கிக்கொண்டு ஓட ஓர் ஆள்தான் இல்லை. பினாங்கில் ஐந்து மாவட்டம். மாவட்டத்துக்கு ஓர் ஆள், ஒரு மேசை, ஒரு ஃபோன். கதையை ஒரு தடவை சொன்னால் எழுதி வைத்துக்கொண்டு, குடும்பம் சம்மதித்தால் மற்ற இடங்களுக்கு அனுப்புகிறவர். 17 வயதாகும்போதே கூப்பிட்டு, அடுத்து இன்னது நிற்கும், இன்னதற்கு இப்போதே மனுப் போடுங்கள் என்று சொல்கிறவர். இதைச் செய்யப் புத்ராஜெயாவைக் கேட்க வேண்டுமா என்ன? சிலாங்கூரில் மாநில அரசே அனிஸ் என்ற பெயரில் சிறப்புப் பிள்ளைகளுக்கென்று ஒரு திட்டம் வைத்து நடத்துகிறது. ஆக, மாநிலம் கை வைக்கக்கூடாத விஷயம் ஒன்றுமில்லை இது.

எண்ணிக்கை இன்னொரு தலைவலி. ஓ.கே.யு. பதிவில் ஆட்டிசம் கற்றல் குறைபாடு என்கிற வகைக்குள் வருகிறது, டவுன் சிண்ட்ரோமும் அதே வகைதான். பதிவு கட்டாயமும் இல்லை. எங்கள் சொந்தத்திலேயே ஒரு பையன் இருக்கிறான், பேர் சொல்ல மாட்டேன், நாளைக்குக் கல்யாணம் காட்சி பாதிக்கும் என்று அவன் அத்தை இன்றுவரை கார்ட் எடுக்க விடவில்லை. பிள்ளைக்கு வயது ஏழு. எத்தனை பேர் என்றே தெரியாமல் எத்தனை வகுப்பு, எத்தனை தெரபிஸ்ட் என்று யார் கணக்குப் போடுவது?

இதைவிட எனக்கு உறுத்துவது பாஷை. இரண்டாவது ஃபைலில் தம்பியின் ஐந்து வயது அறிக்கை ஒன்று இருக்கிறது. படம் பார்த்துப் பெயர் சொல்லும் பரீட்சை. 20 படம். ஏழுக்குத்தான் சரி போட்டிருக்கிறது. ஓரத்தில் அம்மா பென்சிலில் பொடி எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்: "கரண்டி சொன்னான். சீப்பு சொன்னான். குடை சொன்னான்." எதிரே உட்கார்ந்திருந்தவருக்கு மலாயும் ஆங்கிலமும்தான் தெரியும். மலாயில் சூடு என்று சொன்னால்தான் கரண்டி. அவன் கரண்டி என்றே சொன்னதால் பதில் இல்லை என்று குறித்துவிட்டார்கள். அம்மா அறைக்குள்தான் இருந்திருக்கிறார். பிள்ளைக்கு எடுத்துக்கொடுக்கக் கூடாது, பேசாமல் இருங்கள் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்களாம், அதனால் வாயை மூடிக்கொண்டு இருந்தாராம்.

அதன் பிறகுதான் வீட்டில் ஒரே பாஷை பேசுங்கள் என்று யாரோ அறிவுரை சொல்ல, அம்மா தனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் அவனோடு பேச ஆரம்பித்தார். "கம், ஈட்." "நோ, ஹாட்." பாட்டிக்கு அந்த அளவும் வராது. கடைசி இரண்டு வருஷம் பாட்டி அவனோடு பேசாமல் தலையை மட்டும் தடவிக்கொண்டிருந்தார். இரண்டு பாஷை கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பேச்சு கெடுவதில்லை என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. அதை அன்றைக்கு எங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. ஆணையம் என்று ஒன்று வந்தால், அதன் முதல் கூட்டத்தில் நான் கேட்க நினைப்பது தமிழில் மதிப்பீடு செய்யத் தெரிந்த ஒரு பேச்சுத் தெரபிஸ்டைத்தான். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயிலில் இத்தனை கூட்டம் கூடுகிற ஊரில் இது பேராசையா?

நானும் கொஞ்சம் சந்தேகப் பிராணிதான். ஆணையம் என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது மேடை, பேனர், பிரமுகருக்கு மாலை, பின்னால் மீஹூன் பொட்டலம். 2008-லேயே மாற்றுத் திறனாளிகள் சட்டம் வந்தது, சட்டம் 685. தேசிய மன்றமும் அதன்கீழ் அமைந்தது. கட்டடத்துக்குள் போக உரிமை, படிக்க உரிமை, வேலை செய்ய உரிமை எல்லாம் அதில் உண்டு. மீறினால் தண்டனை என்று மட்டும் ஒன்றுமில்லை. ஆகவே பேருக்கு ஓர் ஆணையம் வந்து, வருஷத்துக்கு ஒரு தடவை, உலக ஆட்டிசம் தினமான ஏப்ரல் 2-ஆம் தேதி கொம்தாருக்கு நீல விளக்குப் போடுவார்கள் என்றால் எனக்கு வேண்டாம். நாற்காலிகளில் பாதியில் பெற்றோர் உட்கார வேண்டும். பேசத் தெரிந்த, ஆட்டிசம் உள்ள பெரியவர்களும் உட்கார வேண்டும். எத்தனை குடும்பம் வந்தது, எத்தனை நாளில் முடிந்தது என்று வருஷா வருஷம் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். கணக்குப் பிரிவுக்காரி வேறு எப்படி யோசிப்பேன்!

அம்மா இப்போது தடி இல்லாமல் நடக்கிறார். போன வாரம் பையைத் திருப்பிக் கேட்டார். கொடுப்பதற்கு முன்னால் எல்லாப் பக்கத்தையும் ஃபோனில் படம் எடுத்து வைத்துக்கொண்டேன், 214 படம். கடைசி ஃபைலில் ஒரு தாளைச் சேர்த்தேன். மேலே "தம்பிக்கு" என்று போட்டு, அம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். புலாவ் அங்சா தூங்குகிறது. முடி வெட்டும்போது மெஷின் கூடாது, கத்தரிக்கோல். ஊசி போடுவதற்கு முன் ஒன்றிலிருந்து பத்து வரை எண்ண வேண்டும், தமிழில். இன்னும் எழுதி முடியவில்லை.

அறிக்கைக்கு ஒருவழியாகத் தேதி கிடைத்தது. செவ்வாய்க்கிழமை காலை எட்டரை, தீவில். அன்று மத்தியானமே வெல்பேர் ஆபீசிலிருந்து கடிதம், நேர்காணல், அதே செவ்வாய் காலை ஒன்பது மணி, இந்தக் கரையில். இரண்டுக்கும் தம்பி நேரில் வர வேண்டும். ஒன்றை மாற்றச் சொல்லிக் காலையிலிருந்து ஃபோன் அடித்துக்கொண்டிருக்கிறேன். நாலாவது தடவை எடுத்தார்கள். அது வேறு யூனிட்டாம், லைன் மாற்றித் தருகிறேன், கொஞ்சம் இருங்கள் என்றார்கள். இருக்கிறேன்.