பரணிலிருந்து இறங்கிய இன்ஜின்

அக்டோபர் 14, 2023, சனி

மூன்று வருடமாகப் பரணில் கிடந்த நைட்ரோ காரை, அதாவது நிஜ இன்ஜினில் ஓடும் ரிமோட் மாடல் காரை, இன்றைக்கு இறக்கினேன். 2.5 சிசி இன்ஜின், கயிறு இழுத்துக் கிளப்புவது. தீபாவளிக்குள் மகளுக்கு ஓட்டிக்காட்ட வேண்டும் என்று ஆசை. முப்பது, நாற்பது தடவை இழுத்திருப்பேன், ஒரு 'பட்' கூட வரவில்லை. உள்ளங்கையில் கொப்புளம். கடைசியில் கயிறே அசையாமல் இறுகிக்கொண்டது.

அதற்கு மேல் பலத்தைக் காட்டாமல் விட்டது நல்லதாயிற்று. உள்ளே எரிபொருள் நிரம்பிவிட்டால் பிஸ்டனால் மேலே ஏற முடியாது. திரவம் காற்றைப் போல அமுங்காதே. வம்பாக இழுத்தால் பிஸ்டனைத் தள்ளும் தண்டு, கனெக்டிங் ராடு, வளைந்துவிடும்.

அக்டோபர் 15, ஞாயிறு

எரிபொருளைப் பற்றவைக்கும் க்ளோ பிளக்கைக் கழற்றி, காரைக் கவிழ்த்து, துளையைத் துணியால் மூடிக்கொண்டு மெதுவாக இழுத்தேன். துணி சொட்டச் சொட்ட நனைந்தது. இந்த எரிபொருளில் பெரும்பகுதி மெத்தனால், கண்ணில் பட்டால் ஆபத்து. பற்றிக்கொண்டாலும் பகல் வெளிச்சத்தில் சுடர் கண்ணுக்கே தெரியாது. அதனால் மகளைப் பக்கத்தில் விடவில்லை.

அப்புறம் பிளக். பேட்டரியில் மாட்டினால் இழை மங்கலாகச் சிவந்தது. போதும் என்று நினைத்தது என் தப்பு. வெறும் காற்றில் மங்கலாக எரியும் இழை, உள்ளே எரிபொருள் நனைத்ததும் அணைந்துபோகும். பேட்டரியை இரவு முழுக்க சார்ஜில் போட்டிருக்கிறேன்.

இந்தக் க்ளோ பிளக்கை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. தீப்பொறி கிடையாது. இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் பேட்டரியை எடுத்துவிடலாம். இழையில் உள்ள பிளாட்டினம் மெத்தனால் ஆவி எரிவதைத் தூண்டிவிட்டு, அந்தச் சூட்டில் தானே கனன்றுகொண்டிருக்கும். 1947-இல் அமெரிக்காவில் ரே ஆர்டன் இதை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகுதான் மாடல் விமானங்கள் தீப்பொறிக்கான இக்னிஷன் காயில், பேட்டரி என்ற சுமையை இறக்கிவைத்தன.

அக்டோபர் 17, செவ்வாய்

இழை இப்போது ஆரஞ்சு நிறத்தில் பளிச்சென்று எரிகிறது. இரண்டு தடவை 'பட் பட்', அவ்வளவுதான். எரிபொருள் மேல் சந்தேகம் வந்தது. பாதி காலியான பழைய கேன் அது. மெத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும், சென்னைக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? புது கேன் சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 21, சனி

கிளம்பிவிட்டது! மூன்று விநாடி வீறிட்டுக் கத்திவிட்டு அணைந்தது. மறுபடியும் அதே கதை. இந்தக் கத்தல் எரிபொருள் போதவில்லை என்பதற்கு அடையாளம். எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் பெரிய ஊசியைக் கால் சுற்று, அரைச் சுற்று என்று திறந்து பார்த்தேன், மாற்றமே இல்லை. ஊசி சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்றால் எங்கோ காற்று புகுகிறது.

சற்றுத் தள்ளி நின்று டார்ச் அடித்துக்கொண்டிருந்த மகள்தான் பார்த்தாள். "அப்பா, டியூபுல முட்டை முட்டையா போகுது."

குனிந்து பார்த்தேன். சிலிக்கான் குழாயில் கடுகு அளவுக் குமிழ்கள் வரிசையாகக் கார்புரேட்டரை நோக்கி ஓடின. குழாய் முனையை விரலால் மடக்கியதும், தலைமுடி அகலத்துக்கு ஒரு வெடிப்பு வாயைத் திறந்தது. ஒரு வாரமாக நான் தொட்டுத் தொட்டுக் கழற்றிய இடம்!

அக்டோபர் 22, ஞாயிறு

முனையை ஒரு சென்டிமீட்டர் நறுக்கிவிட்டு மாட்டினேன். மூன்றாவது இழுப்பில் பிடித்தது. பேட்டரியை எடுத்தேன், நிற்கவில்லை. நீலப் புகை, விளக்கெண்ணெய் கருகும் அந்த வாசனை, மகளின் கைதட்டல். இன்ஜின் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். பட்டவுடன் தெறித்து ஓடாமல் மூன்று, நான்கு விநாடி கொதித்து வற்றியது. சூடு சரியாக இருக்கிறது. மொட்டைமாடியில் ஒரு டேங்க் தீரும்வரை ஓட்டினோம்.

அக்டோபர் 23, திங்கள்

ஆயுத பூஜை. மிச்ச எரிபொருளை வடித்து, பிளக் துளையில் நான்கு சொட்டு எண்ணெய் விட்டு, ஃப்ளைவீலைக் கையால் திருப்பிப் பிஸ்டனைக் கீழே கொண்டுபோய் நிறுத்தினேன். மேலே விட்டால் சிலிண்டரின் குறுகலில் இறுகிக்கொள்ளும். சந்தனமும் குங்குமமும் மகள் வைத்தாள், இன்ஜினுக்கு ஒன்று, அந்த டியூபுக்கும் ஒன்று.