உப்புத் தண்ணீரில் ஊறிய சேலை

அந்தச் சேலைக்கடைப் பெண் கடைசியாகச் சொன்னது எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் காதில் விழுந்தது. அரக்குச் சிவப்பில் எடுத்த சுங்குடிச் சேலையை வாளியில் போடப் போனேன். "முதல் தடவை தனியாப் போட்டு உப்புத் தண்ணியில ஊற வைங்கக்கா, சாயம் போகும்" என்று அவள் குரல் அப்படியே வந்தது. அதற்குள் ரிப்போர்ட் போய்விட்டது. 'துணியை எப்படிப் பராமரிப்பது என்று நீங்கள் கேட்காமலே சொன்னாரா?' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று குறித்திருந்தேன்.

நான்கு வருடமாகப் பகுதி நேரமாக மிஸ்டரி ஷாப்பிங் செய்கிறேன். வாடிக்கையாளர் மாதிரிக் கடைக்குப் போய், எப்படிக் கவனிக்கிறார்கள் என்று பார்த்து, யாருக்கும் தெரியாமல் ரிப்போர்ட் எழுதுகிற வேலை. கடைக்குள் பேனா எடுக்க முடியாது. எடுத்தால் அந்த நிமிடமே வேலை கெட்டது. கேள்விகளோ முப்பது நாற்பது இருக்கும். எத்தனை நொடியில் வரவேற்றார்கள், பேட்ஜ் இருந்ததா, எத்தனை சேலை எடுத்துப் போட்டார்கள், கூட ஏதாவது வாங்கச் சொன்னார்களா, பில் போட எவ்வளவு நேரம் ஆனது. எல்லாவற்றையும் அன்று இரவுக்குள் ஏற்றிவிட வேண்டும்.

இதற்கு அவரவருக்கு ஒரு வழி. நான் வாசலுக்கு வெளியிலேயே தங்கைக்குப் போன் போடுவேன். அவள் எடுத்ததும் உள்ளே காலை வைப்பேன். யாராவது "வாங்க" என்றதும் வைத்துவிடுவேன். பேசிய நேரம் எத்தனை நொடி என்று போனில் அப்படியே நிற்கும். மற்றதை மளிகை லிஸ்ட் மாதிரி வாட்ஸ்அப்பில் எனக்கே அனுப்பிக்கொள்வேன். 'தக்காளி 6' என்றால் ஆறு சேலை காட்டினார்கள். 'எண்ணெய் இல்லை' என்றால் பேட்ஜ் இல்லை. இதுவரை ஒருவரும் என்னைக் கண்டுபிடித்ததில்லை.

அன்று போனில் 47 நொடி. அந்தக் கடைக்கு வைத்திருந்த அளவு 30. அவள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள், என்னைப் பார்த்து எழுந்து வந்தாள். பேட்ஜ் இல்லை. பேர் கிடைக்காவிட்டால் உயரம், முடி, கண்ணாடி என்று ஆளின் அடையாளம் எழுத வேண்டும். அப்படி எழுதுவது எனக்கு எப்போதும் கூச்சமாக இருக்கும். அதனால் பேரைக் கேட்டே வாங்கிவிடுவது என் வழக்கம்.

"அடுத்த தடவை வந்தா உன்கிட்டயே வர்றேன். உன் பேரு என்னம்மா?"

இதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. பேரைச் சொன்னாள். "செவ்வாக்கிழமை மட்டும் வராதீங்கக்கா, எனக்கு லீவு" என்றாள். பேரைக் கேட்பது தப்பில்லை, எந்த வாடிக்கையாளரும் கேட்கலாம். ஆனால் நான் வாடிக்கையாளராகக் கேட்கவில்லை. திரும்பி வருவேன் என்று நம்பித்தான் தன் லீவு நாளைச் சொன்னாள். அதே கிளைக்கு அடுத்த சில மாதங்களுக்கு என்னை அனுப்ப மாட்டார்கள் என்று எனக்கு அப்போதே தெரியும்.

பேர் கிடைத்ததும் என் மனம் வேறு வேலையில் இறங்கிவிட்டது. பேர், ஆறு சேலை, மணி 4.20, பேர், ஆறு சேலை, மணி 4.20. உதடு மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் சேலையை மடித்துக்கொண்டே அவள் உப்புத் தண்ணீரைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். "சரிம்மா" என்றுகூடச் சொல்லியிருப்பேன்.

இல்லை, அவள் சொல்லவே இல்லையோ என்றும் தோன்றுகிறது. சுங்குடி விற்கிற எல்லாரும் சொல்கிற பேச்சுதானே. அம்மாவும் சொல்வாள். வாளியைப் பார்த்ததும் எப்போதோ கேட்டது நினைவுக்கு வந்திருக்கலாம், அதற்கு நானே இவள் குரலைக் கொடுத்திருக்கலாம். ஆனால் எனக்குக் கேட்டது 'ஊற வைங்கக்கா'. அம்மா என்னை அக்கா என்று சொல்ல மாட்டாள்.

நாகர்கோவில் தாத்தா அவதானம் பற்றி, அதாவது ஒரே நேரத்தில் பல விஷயங்களை மனதில் வாங்கிக்கொள்கிற கலையைப் பற்றி, நிறையச் சொல்லுவார். இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907-இல் சென்னை விக்டோரியா ஹாலில் சதாவதானம், அதாவது நூறு விஷயங்களில் அவதானம், செய்து காட்டியவர், அவர் எங்கள் ஊர்க்காரர் என்று தாத்தாவுக்கு அவ்வளவு பெருமை. அவதானத்தில் ஒருவர் முதுகில் சிறு கற்களை எறிந்துகொண்டே இருப்பார், இன்னொருவர் மணி அடிப்பார், வேறொருவர் ஈற்றடி கொடுத்து வெண்பா கேட்பார். கடைசியில் கல் எத்தனை, மணி எத்தனை என்று சொல்ல வேண்டும், வெண்பாவும் தளை தட்டாமல் வர வேண்டும். இந்த வேலைக்கு வந்த புதிதில் நானும் ஏதோ அந்த வழியில் வந்தவள் என்று நினைத்துக்கொள்வேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. கல்லை எண்ணுகிறபோதும் எதிரில் இருப்பவர் கேட்பதைக் காதில் வாங்குவதுதானே அவதானம். நான் கல்லை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ரிப்போர்ட்டைச் சரிபார்க்கிற எடிட்டருக்கு எழுதியிருக்கலாம். சந்தேகம் வந்தால் தெரிவிக்க வேண்டும் என்பதுதான் விதி. எழுதவில்லை. அனுப்பிய பிறகு பதிலை மாற்றினால் எனக்குத் தருகிற மதிப்பெண் குறையும், அடுத்த வேலை வேறொருவருக்குப் போகும். ஒரு கேள்விதானே, பலபேர் போய்ப் பார்த்த ரிப்போர்ட்களைச் சேர்த்துத்தானே கடைக்கு மார்க் போடுவார்கள் என்றும் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய்யும் இல்லை. ஆனால் பேரை மட்டும் ஒரே ஒருவருடையதாகக் கேட்கிறார்களே.

'நீங்கள் உள்ளே வந்தபோது நின்றுகொண்டிருந்தாரா' என்று இன்னொரு கேள்வி இருந்தது. கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத்தையே திருத்தியாகிவிட்டது. அந்தக் கேள்வியில் எனக்கு நியாயம் தெரியவில்லை, இருந்தாலும் 'இல்லை' என்றே குறித்தேன். நடந்தது அதுதான். உட்கார்ந்திருந்ததும் 47 நொடியும் துளி பிசகாமல் என்னிடம் இருந்தன. தவறிப்போனது அவளுக்குச் சாதகமான அந்த ஒன்றுதான்.

சேலையை உப்புத் தண்ணீரில் ஊற வைத்தேன். தண்ணீர் சிவந்தது, சேலை மங்கவில்லை. அதன் பிறகு அந்தத் தெருவில் வேறு கடைகளுக்கு இரண்டு முறை வேலை வந்தது. இரண்டு தடவையும் செவ்வாய்க்கிழமையாகப் பார்த்துத்தான் போனேன்.