போர்ட்டைக் கழற்றிய கதை

ஒன்றரை வருடத்துக்கு மேல் என் வலது காறையெலும்புக்குக் கீழே ஒரு புடைப்பு இருந்தது. கீமோ போர்ட். ஒவ்வொரு தடவையும் கை நரம்பைத் தேடாமல் மருந்தேற்ற, தோலுக்கடியில் வைக்கும் சின்னக் கருவி. புற்றுநோய் இடது மார்பில் என்பதால் அதை வலப்பக்கம் வைத்திருந்தார்கள். மைவி காரை ஓட்டினால் சீட் பெல்ட் நேராக அதன் மேல்தான் வந்து உட்காரும். ஒரு சின்னத் துண்டை மடித்து நடுவில் செருகிக்கொண்டுதான் சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்குப் போய்வருவேன். ஏறக்குறைய 30 கிலோமீட்டர்.

கீமோ 6 தடவை. அதோடு தொடங்கிய ட்ராஸ்டுசுமாப் என்ற புற்றுநோய் மருந்து மூன்று வாரத்துக்கு ஒருமுறை, மொத்தம் 18. கடைசி மருந்து ஏறிய அன்று டாக்டர், "இனிமேல் எடுத்துவிடலாம், அவசரமில்லை, உங்கள் விருப்பம்" என்றார். எதையும் என் விருப்பத்துக்கு விடாதவர்கள் இதை மட்டும் விட்டுவிட்டார்கள்!

வீட்டுக்காரர் உடனே எடுத்துவிடச் சொன்னார். மாமியார், ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியே காலத்தை ஓட்டியவர், "இருந்துட்டுப் போகட்டுமே, அது என்ன சோறா கேட்குது? எடுத்தா திரும்ப வந்துடும்" என்றார். சிரித்தேன். ஆனால் ராத்திரி அதே பயம் எனக்கும் வந்தது. அடுத்த முறை டாக்டரிடமே கேட்டேன். போர்ட் இருப்பதற்கும் நோய் திரும்புவதற்கும் சம்பந்தமே இல்லை, தேவைப்பட்டால் வேறொன்று வைத்துக்கொள்ளலாம் என்றார். திரும்பும் வாய்ப்பு அதிகமுள்ள சிலர் கொஞ்ச காலம் வைத்திருப்பதும் உண்டாம். ஆனால் சும்மா இருந்தாலும் கிருமித் தொற்று, ரத்தக்கட்டு என்று அதற்கும் ஆபத்து உண்டு.

சோறு கேட்காதுதான், ஆனால் மாதம் ஒருமுறை கழுவச் சொல்லும். வளைந்த ஊசியைக் குத்தி, உப்புநீரும், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினும் செலுத்துவார்கள். நான்காவது மாதம் உப்புநீர் உள்ளே போனது, ரத்தம் திரும்பி வரவில்லை. "அக்கா, கையைத் தூக்குங்க. இருமுங்க. தலையை அந்தப் பக்கம் திருப்புங்க" என்றார் மிஸ்ஸி, அதாவது நர்ஸ். கையைத் தூக்கிக்கொண்டு இருமிக்கொண்டே இருந்தேன். கடைசியில் ரத்தக்கட்டைக் கரைக்கும் மருந்தை விட்டுக் காத்திருந்த பிறகுதான் சிவப்பாக ஒரு கோடு வந்தது.

அன்று வண்டியில் யோசித்தபோதுதான் பிடிபட்டது. நான் பயந்தது நோய்க்கு மட்டுமில்லை, ஊசிக்கும்தான். இடது அக்குளில் நிணநீர் முடிச்சுகளை எடுத்துவிட்டதால் அந்தக் கையைத் தொடமாட்டார்கள். மிச்சம் வலது கை. போர்ட் வைக்குமுன் முதல் கீமோவை அதில்தான் ஏற்றினார்கள், நரம்பு கயிறு மாதிரி இறுகிப்போனது. அதனால் ஒரு சோதனை செய்தேன். அடுத்த இரண்டு ரத்தப் பரிசோதனைக்கும் போர்ட் வேண்டாம், கையிலேயே எடுங்கள் என்றேன். முதல் நாள் இரண்டு குத்து, அடுத்த நாள் ஒரே குத்து. போதும், எடுத்துவிடலாம் என்று எழுதிக் கொடுத்தேன்.

தேதி ஒருமுறை தள்ளிப்போனது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் பசியாறாமல் வந்தவர்கள் அப்படியே திரும்பினோம். அடுத்த முறை அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்தார்கள், நான் விழித்தேயிருந்தேன். வலியில்லை, ஆனால் இழுப்பது தெரியும். சுற்றிலும் சதை வளர்ந்து பிடித்திருந்ததால் வேர்விட்ட செடியைப் பிடுங்குவது போல இருந்தது. காட்டுங்கள் என்று கேட்டேன். ஊதா நிறத்தில் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, அதிலிருந்து தொங்கும் வெள்ளைக் குழாய்.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் கட்டைப் பார்த்துவிட்டு என் கைப்பையைப் பார்த்தார்.

"கழற்றினதைக் கொண்டாரலையா?"

"குப்பையில போட்டுட்டாங்க அத்தை."

"வளையலை அடகு வெச்சு வாங்கினது புள்ள!"