ஒரு சிடிக்காக வேலூருக்கு மூன்று நடை

அப்பாவுக்கு ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம் ஆகிறது. இப்போதுதான் உட்கார்ந்து எழுத முடிகிறது. ஆபரேஷனைவிட எங்களைப் பாடாய்ப் படுத்தியது, ஸ்கேன் படங்களை ஏற்றிக் கொடுக்கும் ஒரு சிடி தட்டு. வேறு யாரும் அப்படி அலையக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

அப்பா குடியாத்தத்தில் தறி நெய்கிறவர். சில மாதங்களாக நிலைப்படியில் தோளை இடித்துக்கொண்டே இருந்தார். பக்கத்தில் வரும் வண்டி தெரியவில்லை என்றார். கண் டாக்டர் பரிசோதித்துவிட்டு, இரண்டு கண்ணிலும் வெளிப்பக்கப் பார்வை குறைந்திருக்கிறது, கோளாறு கண்ணில் இல்லை என்று எம்ஆர்ஐக்கு அனுப்பினார். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி. அது மேலே எழும்பிப் பார்வை நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. வேலூரில் இஎன்டி டாக்டரும் நியூரோ சர்ஜனும் சேர்ந்து மூக்கு வழியாகவே எடுத்துவிடலாம் என்றார்கள். அதற்கு முன்னால், அப்பாவின் மண்டை ஓட்டு அடிப்பகுதியை 3டி பிரிண்டரில் மாடலாக எடுத்துப் பார்க்க விரும்பினார்கள். அதற்குத்தான் அந்த சிடி.

டாக்டர் சீட்டில் தெளிவாகத்தான் எழுதியிருந்தார்: ரத்தக் குழாய் தெரிய கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றி சிடி ஸ்கேன், ஸ்லைஸ் (படத்தில் ஒவ்வொரு வெட்டின் தடிமன்) 1 மில்லிமீட்டருக்குள். சீக்கிரம் ஆகுமே என்று வெளியே ஒரு ஸ்கேன் சென்டரில் எடுத்தோம். ஃபிலிம், ரிப்போர்ட், சிடி எல்லாம் கைக்கு வந்தன. மறுநாள் பஸ் ஏறி வேலூர் போய், மாடல் செய்யும் தம்பியிடம் கொடுத்தேன். கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தவர், "அக்கா, இதுல வெறும் போட்டோதான் இருக்கு, டைகாம் ஃபைல் இல்ல" என்றார். டைகாம் என்றால் ஸ்கேன் மெஷின் தரும் அசல் ஃபைல். அதை வைத்துத்தான் மாடல் செய்ய முடியும்.

திரும்பி வந்து ஸ்கேன் சென்டர் கவுன்ட்டரில் கேட்டால், "ஃபிலிம்தான் குடுத்துட்டோமேம்மா, இன்னும் இன்னா வேணும்?" என்று கேட்டார்கள். ஒரு மணி நேரம் நின்று இன்னொரு சிடி வாங்கினேன். இரண்டாவது நடை. இந்த முறை டைகாம் இருந்தது, ஆனால் ஸ்லைஸ் எல்லாம் 5 மில்லிமீட்டர். ரொட்டியைத் தடிமனாக வெட்டினால் நடுவில் இருக்கும் சின்ன ஓட்டை தெரியாது, அது போலத்தான் என்று அந்தத் தம்பி விளக்கினார். மூக்குக்குள் இருக்கும் எலும்பு பல இடங்களில் காகிதம் மாதிரி மெலிசு. 5 மில்லிமீட்டரில் அது தப்பிவிடும், எலும்பு இருக்கும் இடத்தில் மாடலில் ஓட்டை விழுந்துவிடும்.

அன்று பஸ்ஸில் அழுதுவிட்டேன். மறுபடி ஸ்கேன் என்றால் மறுபடி கான்ட்ராஸ்ட் ஊசி. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவு அப்பாவுக்கு ஏற்கெனவே விளிம்பில் இருந்தது.

மறுநாள் காலை கவுன்ட்டரைத் தாண்டி நேராக ஸ்கேன் அறையில் இருக்கும் மூத்த டெக்னீஷியனைப் போய்ப் பார்த்தேன். அவர் ஒரு வார்த்தை கடுமையாகப் பேசவில்லை. மெலிசான ஸ்லைஸ் மெஷினில் இருக்கிறது, சிடியில் ஏற்றத்தான் விட்டுவிட்டார்கள், இன்னும் இரண்டு நாள் கழித்து வந்திருந்தால் தானாக அழிந்திருக்கும் என்றார். 0.6 மில்லிமீட்டர். என் பென்டிரைவிலேயே போட்டுக் கொடுத்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஸ்கேன் எடுக்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதைச் செய்யுங்கள். மேஜையில் படுப்பதற்கு முன்பே "டைகாம் வேணும், மெலிசான ஸ்லைஸ் வேணும்" என்று சொல்லி, டாக்டர் சீட்டைக் காட்டுங்கள். பென்டிரைவ் கொண்டு போங்கள். கிளம்புவதற்கு முன் அங்கேயே திறந்து காட்டச் சொல்லுங்கள். பெயரும் இனிஷியலும் ஆஸ்பத்திரி கார்டில் உள்ளபடியே இருக்கிறதா பாருங்கள். மாடலுக்கான பணம் எங்களுக்குக் காப்பீட்டில் வரவில்லை, கையிலிருந்துதான் கட்டினோம். அதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

மூன்றாவது நடைக்கு அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. எலும்பையும் ரத்தக் குழாயையும் சிடி ஸ்கேனிலிருந்தும், கட்டியை எம்ஆர்ஐயிலிருந்தும் தனித்தனியாகப் பிரித்து நிறம் கொடுத்து, அடுக்கடுக்காகப் பிரிண்ட் எடுத்திருந்தார்கள். டாக்டர் அதைக் கையில் வைத்துக்கொண்டு எங்களுக்கு வழியைக் காட்டினார். மூக்குக்குப் பின்னால் ஸ்பீனாய்டு என்று ஓர் அறை. அதற்குள் ஒரு குறுக்குச் சுவர். அப்பாவுக்கு அது நடுவில் இல்லாமல் இடப்பக்கம் சாய்ந்து, மூளைக்குப் போகும் பெரிய ரத்தக் குழாயின் மேலேயே போய் முடிந்திருந்தது. "இதை முறுக்கி ஒடிக்கவே கூடாது, ட்ரில் வெச்சுத் தேய்ச்சுத்தான் எடுக்கணும்" என்றார். சிடி ஸ்கேன் படத்திலும் இது தெரியும்தான், ஆனால் கையில் திருப்பிப் பார்ப்பது வேறு என்றும் சொன்னார். மாடலில் இரண்டு மூன்று பொய் ஓட்டைகள் இருந்தன, மெலிசான எலும்பில் அப்படி விழும் என்று அவரே எச்சரித்தார். அதுவரை வாய் திறக்காத அப்பா, சிவப்பாக இருந்த குழாயை விரலால் தொட்டுப் பார்த்து, "இதுக்கு இவ்வளவு பக்கத்துலயா?" என்று கேட்டார். புரிந்துகொண்டுதான் கையெழுத்துப் போட்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மினால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், முக்கக் கூடாது, மூக்கிலிருந்து தண்ணீர் மாதிரி சொட்டினால் உடனே வர வேண்டும் என்றார்கள். சில நாளில், கட்டிலின் வலப்பக்கம் நின்றிருந்த அம்மாவைத் தலை திருப்பாமலே பார்த்து, "ஏன் சாப்பிடலையா நீ?" என்றார் அப்பா.

மூன்றாம் மாதம் மறுபடி எம்ஆர்ஐ. டைகாம் வேண்டும் என்று இப்போதே போன் செய்து சொல்லிவிட்டேன்.