மாற்று ஆள் மேலே வரும்வரை

ரிட்டயர் ஆகி ஊருக்கு வந்த பிறகு என்னிடம் அதிகம் பேர் கேட்பது, "சியாச்சினில் குளிர் எப்படிண்ணே இருக்கும்?" என்பதுதான். லடாக்கில் பாகிஸ்தானுக்கு எதிரே நம் ராணுவம் நிற்கிற பனிமலை அது. அங்கே இருக்கிற குளிரைப் பற்றி நிறையப் பேர் சொல்லிவிட்டார்கள். இறங்கி வருவதற்கு முந்தைய அந்தக் கடைசி நாட்களைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால் மொத்தப் பணியிலும் கஷ்டமான நாட்கள் அவைதான். அதனால் இன்றைக்கு அதை மட்டும் எழுதுகிறேன்.

நான் மெட்ராஸ் ரெஜிமெண்ட். எங்கள் பட்டாலியன் மேலே இருந்தது 2003 நவம்பரில் சண்டை நிறுத்தம் வருவதற்கு முன்னால். 1984 ஏப்ரல் 13-ல் சியாச்சினைப் பிடிக்க நம் ராணுவம் நடத்திய ஆபரேஷன் மேக்தூத் ஆரம்பித்ததிலிருந்து சால்டோரோ மலைமுகடு நம் கையில், மேற்குப் பக்கம் கீழே பாகிஸ்தான் ராணுவம், வானம் தெளிந்தால் ஷெல் வந்து விழும். உயரத்தில் இருக்கிற போஸ்டில் ஒரு ஆளை மூன்று மாதத்துக்கு மேல் பொதுவாக வைப்பதில்லை, உடம்பு தாங்காது. பசி போய்விடும், தூக்கம் போய்விடும், நேற்று யாரிடம் என்ன பேசினோம் என்பதுகூடச் சரியாக ஞாபகம் இருக்காது.

மூன்று மாதம் முடிந்தால் மூட்டையைக் கட்டிக்கொண்டு இறங்கிவிடலாம் என்று வீட்டில் நினைப்பார்கள். அப்படிக் கிடையாது. நம் இடத்தில் நிற்கப்போகிற ஆள் பேஸ் கேம்பில் பயிற்சி முடித்து, ஒவ்வொரு உயரத்திலும் தங்கி உடம்பைப் பழக்கி, கயிற்றில் கட்டிக்கொண்டு போஸ்ட் போஸ்டாக ஏறி வந்து சேர வேண்டும். அவன் நிற்கப் பழகிய பிறகுதான் நமக்குக் கீழே வழி. இடையில் பனிப்புயல் அடித்தால் அவன் எங்கே இருக்கிறானோ அங்கேயே உட்கார்ந்துவிடுவான். நாமும் உட்கார வேண்டியதுதான். தினமும் சாயங்காலம் வயர்லெஸ் ஆபரேட்டரைப் பிடித்துக்கொண்டு, "எங்கே இருக்காங்க? கிளம்பிட்டாங்களா?" என்று கேட்போம். "இன்னைக்கும் நகரலை" என்று அவர் சொல்லும்போது யாரும் எதுவும் பேச மாட்டோம். யார் மேல் கோபப்படுவது? வருகிறவனும் நம் பையன், அவனும் ஏதோ ஒரு டென்டுக்குள் புயல் ஓயக் காத்துக்கொண்டிருக்கிறான்.

அந்த நாட்களில் மனசு முன்னாலேயே ஊருக்குப் போய்விடும். உடம்பு மட்டும் போஸ்டில் நிற்கும். அதுதான் ஆபத்து. எங்கள் போஸ்டில் இருந்த சுபேதார் மலையாளி, தெற்கில் இருந்து வந்த எல்லா மொழியும் பேசுவார். இறங்கப் போகிறவர்கள் மேல்தான் அவருக்குக் கண். புதிதாக வந்தவன் பயத்திலேயே ஒழுங்காக இருப்பான், போகப் போகிறவனைத்தான் கவனிக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. சென்ட்ரிக்கு, அதாவது காவலுக்கு, போகுமுன் எங்கள் கையுறையை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்ப்பார். அப்படி இருந்தும் எங்களோடு இறங்க வேண்டிய ஒருவர், மண்ணெண்ணெய் வைக்கிற ஜெர்ரிகேன் மூடி திறக்கவில்லை என்று வெளிக் கையுறையையும் உள் கையுறையையும் கழற்றிவிட்டு வெறுங்கையால் அந்த இரும்பைப் பிடித்தார். ஒரு நிமிஷம்கூட இருக்காது. கையை எடுக்கும்போது விரல் நுனித் தோல் மூடியிலேயே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அவர் கத்தவே இல்லை, விரலைப் பார்த்துக்கொண்டே நின்றார். "வீட்டுக்குப் போற நினைப்பு சாப்" என்று மட்டும் சொன்னார். சுபேதார் திட்டவில்லை. மருந்து போடச் சொல்லி அனுப்பிவிட்டு, அன்றைக்கு அவர் சென்ட்ரியைத் தானே நின்றார்.

ராத்திரியில் தூக்கம் வராது என்றேனே, வந்தாலும் தூங்க விடமாட்டார்கள். ஃபைபர் குடிலுக்குள் புகாரி என்கிற மண்ணெண்ணெய்க் கணப்பு எரிந்துகொண்டே இருக்கும், புகைக்குழாயைப் பனி அடைத்தால் உள்ளே இருப்பவர்கள் தூக்கத்திலேயே போய்விடுவார்கள். அதனால் சென்ட்ரி மாறும்போதெல்லாம் ஒவ்வொருவரையும் தட்டி, பதில் வருகிறதா என்று பார்ப்பது வழக்கம். கடைசி வாரத்தில் தட்டுவதற்கு முன்பே எல்லாரும், "முழிச்சுதான் இருக்கேன்" என்பார்கள்.

ஒருவழியாக என் இடத்துக்கு வந்த பையன், திருநெல்வேலிப் பக்கம். உதடு வெடித்து, மூச்சு வாங்க வந்து நின்றான். "அண்ணே, நீங்கதானா?" என்றான். அவ்வளவுதான் பேச முடிந்தது. அவனைப் பார்த்ததும் எனக்கு வந்த சந்தோஷம் பெரிது, ஆனால் அவன் முகத்தைப் பார்த்தபோது அதைக் காட்டிக்கொள்ள மனசு வரவில்லை.

பேப்பரில் ஒப்படைப்பது சுலபம். இத்தனை ரவுண்டு தோட்டா, இத்தனை ஜெர்ரிகேன் மண்ணெண்ணெய், இத்தனை கயிறு என்று எண்ணிக் கையெழுத்து வாங்கிவிடலாம். எழுத முடியாததுதான் நிறைய. துப்பாக்கியைக் குடிலுக்குள் கொண்டு வராதே, உள்ளே வியர்த்து வெளியே போனதும் உறைந்து பூட்டிக்கொள்ளும். கழிவறைக்குப் போகிற பத்தடிக்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டே போ, பனிமூட்டம் இறங்கினால் உன் கையே உனக்குத் தெரியாது. வழி காட்ட நட்டிருக்கிற அந்தக் கொடிக்கு இந்தப் பக்கம் கால் வை, அந்தப் பக்கம் மேலே பனி, கீழே பிளவு. சீட்டா ஹெலிகாப்டர் வந்தால் ஓடாதே, அது சில நொடிகள்தான் நிற்கும், ஆனால் அங்கே ஓடினால் நெஞ்சு அடைத்துவிடும். தலைவலி, இருமல் என்றால் மறைக்காதே, நுரையீரலில் நீர் கோர்த்தால் ஒரே ராத்திரியில் ஆளை முடித்துவிடும். இதையெல்லாம் சொல்லச் சொல்ல, எதையோ விட்டுவிட்டோம் என்ற பயம் எனக்கு அதிகமாகிக்கொண்டே போனது.

அந்தப் பயம் பொய்யில்லை. அங்கே குண்டில் போனவர்களைவிடப் பனிச்சரிவிலும் குளிரிலும் போனவர்கள்தான் அதிகம். 2016 பிப்ரவரி 3-ம் தேதி 19,600 அடி உயரத்தில் சோனம் போஸ்டில் சரிவு விழுந்து 19 மெட்ராஸ் பட்டாலியனில் இருந்த பத்துப் பேர் புதைந்தபோது நான் ஊரில்தான் இருந்தேன். ஆறு நாள் கழித்து சுமார் 25 அடி ஆழத்திலிருந்து லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா கொப்பட் உயிரோடு எடுக்கப்பட்டார் என்று டிவியில் வந்ததும் எங்கள் தெருவில் இருக்கிற பழைய பட்டாளத்து ஆட்கள் எல்லாரும் ஒரே வீட்டில் கூடிவிட்டோம். பிப்ரவரி 11-ல் டெல்லி ராணுவ மருத்துவமனையில் அவரும் போய்விட்டார். அந்தப் பத்துப் பேர் வீட்டிலும் எப்போது வருவார் என்று எண்ணிக்கொண்டுதானே இருந்திருப்பார்கள்?

சரி, இறங்கிய கதைக்கு வருகிறேன். விடியுமுன் பனி இறுகியிருக்கும்போதே கயிற்றில் கட்டிக்கொண்டு கிளம்பினோம். வெயில் ஏறினால் பிளவுகளை மூடியிருக்கிற பனி இளகும், மேலே சரிவும் ஆரம்பிக்கும். ஏறும்போது மூச்சுதான் பிரச்சினை, இறங்கும்போது அவசரம். முன்னால் போனவர் திரும்பித் திரும்பி, "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

பேஸ் கேம்பில் முதல் வேலை, எங்களைக் காப்பவர் என்று பட்டாளத்து ஆட்கள் நம்புகிற ஓ.பி. பாபா சன்னதியில் போய் நிற்பது. மேலே போகும்போது அவரிடம் ரிப்போர்ட் செய்துவிட்டுத்தான் போவோம், திரும்பியதும் அதே மாதிரி சல்யூட் அடித்து, வந்துவிட்டோம் என்று சொல்ல வேண்டும். அப்புறம் போட்டிருந்த பனி உடைகளையெல்லாம் கணக்குப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தோம். அப்புறம் குளியல். மூன்று மாதம் கழித்து உடம்பில் வெந்நீர் பட்டபோது பக்கத்தில் நின்றவர் அழுதேவிட்டார். புகாரிக் கரி எச்சிலில் கறுப்பாக வந்துகொண்டே இருந்தது, வீட்டுக்குப் போன பிறகும் கொஞ்ச நாள் வந்தது. நூப்ரா பள்ளத்தாக்கில் லாரி திரும்பும்போது பாப்லர் மரங்களைப் பார்த்துவிட்டு, வண்டி முழுக்க ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

லேயில் விமானத்துக்குக் காத்திருந்தபோதுதான் வரிசையில் நின்று ஊருக்குப் போன் போட்டேன். அம்மா எடுத்ததும் கேட்டது, "எப்போப்பா வர்றே?" தேதி சொல்லவில்லை. அன்றைக்கும் மேகம் இறங்கியிருந்தது, விமானம் வருமா என்று தெரியாது. "சண்டிகர் போனதும் சொல்றேம்மா" என்றேன். சாப்பிட்டியா என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன். பின்னால் நின்றவர் தோளைத் தட்டினார், போனை அவரிடம் கொடுத்துவிட்டேன்.